பக்கத்து ஸ்டூலில் அம்மா

நான் சம்பளம் வாங்குவது சோகமாக இருப்பதற்கு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மெல்போர்னில் நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம், மனம் சோர்ந்த இளைஞர்களுக்காக ஓர் இணையதளம் நடத்துகிறது. காசு கிடையாது, டாக்டர் கிடையாது, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. திரையில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, படிப்படியாகத் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளலாம். அது பிசகில்லாமல் ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆகவே காலையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து, இல்லாத ஒரு பதினெட்டு வயதுப் பையனாக மாறி, தூக்கம் வரவில்லை, யாரையும் பிடிக்கவில்லை என்று பொத்தான் பொத்தானாக அமுக்குவேன். மத்தியானத்துக்குள் அவன் தேறிவிடுவான். சாயங்காலம் வேறொருத்தி. வீட்டுக்கு ரயில் ஏறும்போது உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல அலுப்பாக இருக்கும். உட்கார்ந்த இடத்தில் என்ன அலுப்பு என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. ஊரில் கேட்பவர்களுக்கு சாஃப்ட்வேர் என்று சொல்லி முடித்துவிடுவேன்.

சில வருஷங்களுக்கு முன், இல்லாத பிள்ளைகளை நான் இங்கே தேற்றிக்கொண்டிருந்த அதே நாட்களில், திருவண்ணாமலையில் என் தங்கை வனிதா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சென்னைக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனவள், முதல் வருஷம் முடியும் முன்பே பெட்டியோடு திரும்பிவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் மஞ்சள் காமாலை என்று அப்பா சொல்லிவைத்தார். அவர் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. வேங்கிக்காலில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த ஆபீஸ்காரர்கள்தான். ஆளாளுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளும் பேசாமல் குடித்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா அவளை மலை சுற்ற அழைத்துப் போனாள். அத்தனை கூட்டத்திலும் நடந்துவிட்டு வந்து, கால் கழுவி, மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். மனநல டாக்டர் என்று நான் பேச்செடுத்தால் அப்பா போனை அம்மாவிடம் நீட்டிவிடுவார். எனக்கு இருந்தது ஒரே பயம். வேளைகெட்ட வேளையில் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். அவளை இழந்துவிடுவோமோ என்ற பயம்.

எங்கள் தளத்தின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு: யாரும் தொந்தரவு செய்யாத இடத்தில் தனியாக உட்காருங்கள். வனிதாவுக்கு இதைக் கொடுக்கலாமா என்று எங்கள் குழுத் தலைவி கெல்லியிடம் கேட்டேன். தாராளமாக, அறைக்கதவைச் சாத்திக்கொள்ளச் சொல் என்றாள். எங்கள் வீட்டில் அறைக்குக் கதவு என்று ஒன்று சாத்தப்படுவதில்லை என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. கதவே இல்லாத வீடு என்று புரிந்துகொண்டு, அங்கெல்லாம் ஒரு கதவு போடுவது பெரிய செலவா என்று மறுநாள் தயங்கித் தயங்கி விசாரித்தாள். நல்ல மனசுக்காரி. கதவு இருக்கிறது, சாத்தினால் ஏன் சாத்தினாய் என்று நாலு பேர் தட்டுவார்கள் என்பதை என் ஆங்கிலத்தில் அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. அந்த வருஷம் வனிதா குளிக்கப் போனால்கூட அம்மா வாசலிலேயே நிற்பாள் என்பதைச் சொல்லவும் வாய் வரவில்லை. விட்டுவிட்டேன்.

அப்போது எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு திரைச்சீலை. கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ என்று வனிதாவிடம் சொன்னேன். அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அங்கே நடந்ததை வனிதா வெகுநாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள்.

"நீங்க வெளிய சேர்ல உக்காருங்கம்மா" என்றாராம் கடைக்காரர்.

"பொம்பளப் புள்ளய ஸ்கிரீனுக்குள்ள தனியா உட்டுட்டு நான் வெளிய உக்காரணுமா?" என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக்கொண்டு அம்மா உள்ளே நுழைந்துவிட்டாள். கீழ்பென்னாத்தூர்க்காரி. உட்கார்ந்துவிட்டால் யாராலும் எழுப்ப முடியாது.

"இன்னாடி கேக்குது அது?"

"ஒண்ணுமில்லம்மா. பாடம்."

"பாடம்னா எனக்கும் புரியற மாதிரி சொல்லு."

தொணதொணப்பு நின்றால் போதும் என்று வனிதா தமிழில் சொன்னாள். "ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டாம இருந்துச்சான்னு கேக்குதும்மா. கொஞ்ச நாளா, பாதி நாளா, தெனமுமான்னு போடணும்."

அம்மா யோசித்தாளாம். "ரெண்டு வாரம் இன்னா, உங்கண்ணன் பிளேன் ஏறுனதுலேர்ந்தே அப்படித்தான். அதுக்கு இன்னா போடுவ?"

வனிதா திகைத்துப்போய், தன் பதிலை விட்டுவிட்டு அம்மாவின் பதிலை அமுக்கினாள். அடுத்த கேள்விக்குத் தன் பதிலைப் போட்டாள். அதையும் அம்மா என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். இப்படியே வாராவாரம் நடந்தது. இளைஞர்களுக்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்ட தளத்தில், ஒரே பெயரில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து தங்களைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ பேராக மாறி அந்தத் தளத்தைச் சோதித்தவன் நான். இப்படி ஒரு ஆள் வரக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு நாள் ஒரு கேள்வியை வனிதா சொல்லாமல் தாண்டினாள்.

"அத ஏன் உட்டுட்ட?"

"வேணாம்மா."

"இன்னான்னு சொல்லு."

"உயிரோட இல்லாம இருந்தா தேவலன்னு தோணுச்சான்னு கேக்குது."

அம்மா ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திரைச்சீலையைப் பார்த்து உட்கார்ந்தாள். "இது உனக்குக் கேக்கறது. நீ போடு. நான் பாக்கல" என்றாள்.

வனிதா உண்மையை அமுக்கினாள். உடனே ஒரு போன் நம்பர் வந்தது. ஆஸ்திரேலிய நம்பர், வேங்கிக்காலுக்கு உதவாது. அதன் கீழே ஒரு வரி இருந்தது.

"இன்னா சொல்லுது?" முதுகைக் காட்டியபடியே அம்மா கேட்டாள்.

"நம்பிக்கையான பெரியவங்க யார்கிட்டயாவது உடனே சொல்லணுமாம்."

"அப்போ சொல்லு. அதுக்குத்தான உக்காந்திருக்கேன்."

சொன்னாள். ஹாஸ்டலில் நடந்தது, சீனியர்கள் பேசியது, மொட்டை மாடி வரை போய்த் திரும்பியது, எல்லாவற்றையும் அந்தப் பிளைவுட் தடுப்புக்குள் வைத்துச் சொன்னாள். நேரம் முடிந்தது என்று கடைக்காரர் குரல் கொடுத்தபோது, "இன்னும் ஒரு மணி நேரம் சேத்துப் போட்டுக்கப்பா" என்றாளாம் அம்மா. மறுநாளே இருவரும் பஸ் ஏறி வேலூரில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தார்கள். காமாலைக்குத்தான் என்று அப்பாவிடம் சொல்லியாயிற்று. அவரும் அப்படியே நம்பியதாகக் காட்டிக்கொண்டார். மாத்திரை, வைத்தியம் என்று மெதுவாகத்தான் தேறினாள். அடுத்த வருஷம் உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தாள். இதையெல்லாம் அவள் சொல்லிக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதிக்கு அளவில்லை. கூடவே ஒரு வெறுமையும் வந்தது. என் வீட்டில் நடந்த மிகப் பெரிய பேச்சு, நான் காவல் காக்கும் தளத்தில், நான் இல்லாமல் நடந்து முடிந்திருக்கிறது.

போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில் நின்று வீட்டுக்குப் பேசினேன். அங்கே காலை நேரம். அம்மா எடுத்தாள்.

"எப்படிடா இருக்க?"

"நல்லா இருக்கேம்மா."

"அந்தப் பேச்செல்லாம் வேணாம். நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. நீ இருக்கற எடத்துல உம் மனசு இருக்குதா? கொஞ்ச நாள், பாதி நாள், தெனமும். இதுல எதுன்னு சொல்லு."

அப்படி ஒரு கேள்வி எங்கள் தளத்தில் கிடையாது. அம்மாவே உருவாக்கிக்கொண்டது. ஊர் பேர் இல்லாத எத்தனையோ பேருக்காகக் கூசாமல் பதில் போட்ட எனக்கு, என் பேரில் ஒரு கேள்வி வந்ததும் கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கெல்லி அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றுமில்லையே என்று புருவத்தை உயர்த்தினாள். நான் சிரித்தபடி அவளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். காட்டிக்கொண்டே போனில் சொன்னேன், "பாதி நாள்மா."