அப்பாவின் கைச்சோறு

எங்கள் அப்பா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே மலையிறங்கி, கண்டி நகரில் ஒரு சைவக் கடையின் குசினியில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, அங்கேயே தலைமைச் சமையற்காரரானவர். அவருடைய கத்தரிக்காய்க் குழம்புக்காக மழையில் காத்து நின்றவர்கள், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்போரிலும் பலர் இருப்பீர்கள்.

அந்தக் குழம்பை ருசி பார்க்காதவர் அம்மா. குடும்பப் பெண் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது அழகில்லை என்று எண்ணிய காலம் அது. முதலாளியின் பொருளில் ஒரு பிடி சோற்றையும் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, அவ்வளவு நேர்மை. குண்டசாலையில் எங்கள் வீட்டிலோ அடுப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். "கடையில செய்றது தொழிலு. வீட்டுல கரண்டி புடிச்சா ஊரு சிரிக்கும்" என்பார். அவர் சாப்பிடும்போது அம்மா அருகில் நின்று, "உப்பு சரியாங்க?" என்று கேட்பார். "ம்" என்பார் அப்பா. அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

"ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுறாரு. எனக்கு ஒரு வாய் கெடைக்கல" என்று அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அப்பாமேல் கோபம் வந்தது.

அப்பா வேலையை விட்டு ஓய்ந்த பிறகு, அம்மா வழுக்கி விழுந்து வலக்கை முறிந்தது. மறுநாள் நான் போனபோது முன்கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் சீலைகளும் இழுத்து விடப்பட்டிருந்தன. என் குரல் கேட்ட பிறகே அப்பா திறந்தார். அம்மா கதிரையில் இருந்தார். அப்பா நின்றபடி, கத்தரிக்காய்க் குழம்பில் சோற்றைப் பிசைந்து ஊட்டினார்.

"உப்பு சரியா புள்ள?"

அம்மாவை அவர் அப்படி அழைத்து நான் கேட்டதேயில்லை. அம்மா அழுதார். "காரமாயிருச்சோ?" என்று அப்பா பதறிப்போனார்.

கட்டு அவிழ்த்த பிறகும் அம்மா, "இன்னும் வலிக்குதுங்க" என்றார். மாதங்கள் போயும் வலி தீரவில்லை. திரும்பவும் டொக்டரிடம் காட்டுவோம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கை எப்பவோ சரியாயிருச்சும்மா. நேத்து தண்ணி வாளிய தூக்கினத பார்த்தேன். நீ ஒண்ணும் கேட்டுராத."

பிறகு ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார். கடைசியாகப் படுக்கையில் விழும்வரை அவர்தான் சமைத்தார்.

அந்த நாட்களில் இரவு பகல் பாராமல் துணைநின்ற அயலவர்களையும், பாடை சுமந்த கடைத் தோழர்களையும் எங்கள் குடும்பம் மறவாது. கிரியைக்குச் சமைத்துத் தரவும் அவர்கள் முன்வந்தார்கள். ஆனால் அப்பாவின் படையலை அம்மா யாரையும் தொடவிடவில்லை. கனத்த சோற்றுப் பானையை அந்த வலக்கையாலேயே இறக்கினார்.

"கை வலிக்கலையாம்மா?" என்றேன்.

"இனி வலிச்சு என்ன செய்ய?" என்றார் அம்மா.