லைகோபோடியமும் ரெண்டாயிரம் நம்பர் தாளும்

லைகோபோடியம் என்ற பெயரைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பார்க்கப் பாசி மாதிரி இருக்கும், ஆனால் பாசி இல்லை. பெரணிக்கு ஏதோ தூரத்துச் சொந்தம். பூ கிடையாது, காய் கிடையாது, விதை கிடையாது. ஒரு விரல் நீளத்துக்குத் தண்டு, அதைச் சுற்றி ஊசி ஊசியாக இலை. ஓர் இலையை வரைந்து முடித்தால் அடுத்ததும் அதே இலைதான். ஆனால் ஒன்றின் நேர் மேலே இன்னொன்று உட்காராது; சுற்றிக்கொண்டே மேலே ஏறும். நடுவில் எந்த இலையில் நிற்கிறோம் என்பது தவறிவிட்டால் அடியிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். எனக்கு அது தினமும் தவறியது.

அப்போது நான் இருங்காட்டுக்கோட்டையில், காருக்கு சீட் தைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் லைனில் நின்றுகொண்டிருந்தேன். படித்தது தாவரவியல். அந்தப் படிப்புக்கும் சீட் உறைக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த மேடம் பூக்காத தாவரங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். என் ரெக்கார்டு நோட்டின் படங்கள் அவருக்கு நினைவில் இருந்திருக்கின்றன. ஒரு முழுப்பக்கப் படம் வரைந்து கொடு, கீழே உன் பெயரைப் போடுகிறேன் என்றார். கம்பெனியில் எனக்குப் பெயரே இல்லை, டோக்கன் நம்பர்தான். அச்சில் என் பெயர் வரும் என்றதும் ஷிப்ட், ஓ.டி. எதையும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

செடியை அவரே கொடைக்கானல் பக்கத்துச் சோலை ஒன்றில் படம் பிடித்திருந்தார். அந்த போட்டோக்களையும், செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்த செடியையும் அனுப்பினார். போட்டோதான் இருக்கிறதே, அதையே அச்சடிக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது முன்னால் இருக்கிற இலை பளிச்சென்று விழுந்தால் பின்னால் இருப்பது கலங்கிவிடுகிறது, எல்லா இலையும் ஒன்றுபோலத் தெரிய வேண்டுமானால் கையால்தான் வரைய வேண்டும் என்றார். காய்ந்த செடியோ எங்கள் ரூமின் தகரக் கூரைச் சூட்டில் பத்தே நாளில் பொடியாகிவிட்டது. மிச்சம் இருந்தது போட்டோ மட்டும்.

முதல் படம் திரும்பி வந்தது. இலைகளை ராணுவ அணிவகுப்பு மாதிரி நிறுத்திவிட்டேனாம். இரண்டாவதும் திரும்பி வந்தது. கிளை பிரிகிற இடத்தில் இரண்டு கிளையையும் ஒரே அளவாகப் போட்டுவிட்டேனாம். மூன்றாவது படம் வருகிற சனிக்கிழமை கூரியரில் ஏற வேண்டும், அதிலும் தப்பு இருந்தால் வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று மேடம் போனில் சொல்லிவிட்டார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

புதன்கிழமைக்குள் மூன்றாவது படத்தை முடித்துவிட்டேன். இலைகள் முடிந்தபின் கடைசி வேலை வித்துப் பைகள். இலை தண்டோடு சேர்கிற இடத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு, கடுகைவிடச் சின்னது, அதற்குள்தான் வித்துத்தூள் இருக்கும். இலைக்கு ஒன்று என்று கீழிருந்து மேல் வரை வைத்துக்கொண்டே போனேன். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. மனசு வேறு எங்கேயோ இருந்தது.

இங்கே என் ரூம்மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்ஷன் வேலை. பெயின்ட் அடித்து வருகிற கதவை ட்யூப் லைட்டுக்குக் கீழே பார்த்து, தூசி ஒட்டிய புள்ளி இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் ரெண்டாயிரம் நம்பர் என்கிற மிக நைசான எமரித் தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பாலிஷ் போட்டு, புள்ளி இருந்த சுவடே இல்லாமல் அனுப்ப வேண்டும். எட்டு மணி நேரம் இதைச் செய்துவிட்டு வருகிறவன் ரூமிலாவது சும்மா இருக்கலாம். இருக்கமாட்டான். காலண்டரில் முருகன் கன்னத்தில் ஈ வைத்த கறையைச் சுரண்டுவான். கண்ணாடியில் இருந்த, எனக்குத் தெரியவே தெரியாத ஒரு சுண்ணாம்புத் துளியை அரை மணி நேரம் தேய்ப்பான். அவனோடு குடியிருப்பது ஒரு சோதனை.

வியாழக்கிழமை படத்தையும் போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, போட்டோவில் இவ்வளவு புள்ளி இல்லையே என்றான். நான் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தேன். நீ கதவைப் பார், செடியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், கூடவே ஓ.டி. அவனுக்கு வார லீவு. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ரூமுக்குள் வந்தால், படம் மேஜைமேல் நடுவாக வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நான் தப்பைச் சுரண்டப் பயன்படுத்தும் பிளேடு. அதற்குப் பக்கத்தில் நான்காக மடித்த எமரித் தாள். தண்டின் நடுப்பகுதியில் நான் வைத்த வித்துப் பைகளைக் காணோம். மையைப் பிளேடால் சுரண்டி, தாளால் இழைத்து, நகத்தால் வழவழப்பாக்கி, புள்ளி இருந்ததே தெரியாமல் செய்து வைத்திருந்தான்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?" என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கதவு தேய்க்கிறவனுக்கு இதெல்லாம் இன்னாடா தெரியும்?"

இதை அக்கம்பக்கத்து ரூம்களும் கேட்டன. அவன் எமரித் தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"போட்டோல இல்லாததத்தாம்ல எடுத்தேன். இருக்கதுல கை வைக்கல," என்றான். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அவன் சொன்னது பொய் என்று காட்டுவதற்காகத்தான் லென்ஸை எடுத்தேன். போட்டோவில் தண்டின் நுனிப் பக்கம் இலைக்கு ஒரு பை. கொஞ்சம் கீழே வந்தால் வெறும் இலை. ஒன்றில்கூடப் பை இல்லை. அதற்கும் கீழே மறுபடி பைகள். செடி ஒரு பருவத்தில் வித்துப் பை வைக்கும், பிறகு கொஞ்ச காலம் இலை மட்டும் விடும், பிறகு மறுபடி பை வைக்கும். தண்டைப் பார்த்தாலே அது தெரியும். இதை நான் பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதி, ஐந்தும் வாங்கியிருக்கிறேன்.

ஒரு தப்பாவது அவன் பண்ணியிருக்கமாட்டானா என்று இலை இலையாகத் தேடினேன். வெற்றுப் பகுதியில் ஓர் இலையடியில் போட்டோவில் வெளிறிய பொட்டு தெரிந்தது. படத்தில் அதை அவன் அழித்திருந்தான். மாட்டினான் என்று சந்தோஷப்பட்டேன். போட்டோவைச் சாய்த்துப் பார்த்தால் அது பை இல்லை. பிரிண்ட் போடும்போது நெகட்டிவ்மேல் கிடந்த தூசி. அதையும் கண்டுபிடித்துத்தான் அழித்திருக்கிறான். அந்த நேரத்தில் எனக்கு அவன்மேல் வந்த கோபம் முதலில் வந்ததைவிட அதிகம்.

அவன் சாப்பாட்டோடு வந்தான். எனக்கும் வாங்கி வந்திருந்தான். படம் சரி என்று நான் சொல்லவில்லை. கத்தியதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. குழம்பு உப்புக் கம்மி என்று சொன்னேன்.

சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் போய்ப் படத்தைக் கூரியரில் போட்டேன். அடுத்த வாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேடத்துக்குப் போன் செய்தபோது அவனும் கூட வந்து வெளியே நின்றிருந்தான். "இப்பத்தான் செடியப் பாத்து வரைஞ்சிருக்க," என்றார் மேடம். முதல் இரண்டும் மனப்பாடமாம், இதில்தான் கண் இருக்கிறதாம். தேங்க்ஸ் மேடம் என்றேன். அந்தக் கண் யாருடையது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். மீட்டர் ஓடுவதைச் சாக்காக வைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன். மேடம் என்ன சொன்னார் என்று அவன் கேட்டான். ஓகேவாம் என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

புத்தகம் வர ஒரு வருஷம் ஆயிற்று. பார்சலைப் பிரித்து, படம் இருந்த பக்கத்தைத் திறந்து அவனிடமே முதலில் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். படத்தை நுனியிலிருந்து அடிவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் கீழே சின்ன எழுத்தில் இருந்த என் பெயரை வாய்விட்டுப் படித்தான்.

"ஒம் பேரு நல்லா வந்திருக்குல," என்றான்.