படகுக்காரியின் கோடாலி

இருநூற்றுப் பதினோரு முறை செத்திருக்கிறார். கத்திக்குத்து, பாம்புக்கடி, வெள்ளம், விஷம், ஒரே ஒருமுறை டிராகனின் மூச்சு. திரையில் தெரியும் முகம் யாருடையதோ. உயிர் பிரியும்போது கேட்கிற குரல் மட்டும் இவருடையது. இருபத்தாறு வருடமாகத் துணைப் பாத்திரங்களுக்கு டப்பிங் பேசிவரும் இந்தப் பெண்மணியை ஸ்டூடியோக்களில் 'சாவுக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டவரை ஒரு முறை முறைத்துவிட்டு, "உன் சாவுக்கு நான் பேசமாட்டேன், ஊமையாவே போய்ச் சேரு" என்பார்.

வாய் அப்படி. நாவலைப் படமாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், முதலில் அந்த நாவலைத் தேடிப் பிடித்து முழுக்கப் படித்துவிடுவார். பிறகு படத்தில் பேசப் போவார். பிறகு சண்டை வரும்.

மாயாஜால நாவல்கள்மீது அவருக்குத் தனிப் பிரியம். அவற்றைப் படமாக்குகிறவர்கள்மீது தனிக் கோபம். புத்தகத்தில் விஷமுறிவு மூலிகையை மூன்று மாதம் தேடிக் கண்டுபிடித்தவள் அரண்மனைச் சமையல்காரி. படத்தில் கதாநாயகன் ஒரு செடியை முகர்ந்து பார்த்தான், வேலை முடிந்தது. சமையல்காரிக்குக் கிடைத்தது ஒரு கரண்டியும் இரண்டு ஜோக்கும். "புத்தகத்துல அவ ஒரு மனுஷி. படத்துல ஒரு தும்மல்" என்பது அந்தப் படத்தைப் பற்றி அவர் எழுதாத விமர்சனம்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு மூன்று பாக நாவலின் படகுக்காரி வந்து சேர்ந்தாள். புத்தகத்தில் ஒன்பது அத்தியாயங்களுக்கு அவள்தான் துடுப்புப் போடுகிறாள். எதிரிப் படை கரைக்கு வந்து நிற்கிறது. ஆற்றைக் கடக்க இருப்பது அவளுடைய ஒரே படகு. அதை நட்டாற்றுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கோடாலியால் பிளந்து, அதோடு தானும் மூழ்குகிறாள்.

புத்தகத்தின் அந்த ஒரு பக்கத்துக்காக அக்கா, சீரியல் அம்மாவுக்குக் குரல் கொடுக்கும் ஒரு வருட வேலையை வேண்டாம் என்றார். படத்தின் வசனகர்த்தா வேறு யாருமில்லை, சொந்தத் தம்பி. "இத்தனை தடவை செத்தேன். ஒரு தடவையாவது எதையாவது செஞ்சுட்டுச் சாகறேன்டா" என்று அவனிடம் போனில் சொன்னார். அவன் "ம்" என்றான்.

டப்பிங் பேசுகிறவருக்கு முழுக் கதையையும் யாரும் கொடுப்பதில்லை. இருட்டறை, ஒரு மைக், எதிரே திரை. துண்டு துண்டாகக் காட்சி ஓடும், உதட்டசைவைப் பார்த்துப் பேச வேண்டும். முதல் மூன்று துண்டுகளில் படகுக்காரி இளவரசனின் தோழனைப் பார்த்துக் கண்ணடித்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். பதினான்காவது துண்டில் அவள் ஒரு மீன்மேல் கால்வைத்து வழுக்கி ஆற்றில் விழுந்தாள். கோடாலி இளவரசன் கையில் இருந்தது.

"டேய், கோடாலி அவன் கைக்கு எப்படிடா போச்சு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். "அக்கா, டேக் போலாமா?" என்றான் தம்பி.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஹீரோ கரையில நின்னு வேடிக்கை பாக்க முடியுமா? படம் அவரோடது."

"மீன் யாரோடது? உன்னோடதா?"

"தியேட்டர்ல சிரிப்பாங்கக்கா. அவ சைடு கேரக்டர்தானே."

"நீகூட ஒரு காலத்துல சைடு கேரக்டர்தான். கையைப் பிடிச்சு இந்தக் கதவு வரைக்கும் கூட்டிட்டு வந்தவ நான். அதையும் ஹீரோதான் செஞ்சான்னு எழுதிக்கோ."

"மரியாதையா பேசுக்கா. ஆளுங்க இருக்காங்க."

"மரியாதை வேணும்கிறவன் மீனைப் போட்டிருக்கக் கூடாது."

ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்ததை இன்னும் நன்றாக அழுத்திக்கொண்டார்.

அலறலை ஒரே டேக்கில் முடித்தார் அக்கா. தொழிலில் குறை வைக்கிற ஆளில்லை. ஆனால் திரையில் ஒன்றைக் கவனித்துவிட்டார். படகுக்காரி விழுந்த பிறகு ஏழு விநாடி புகை. யாருடைய முகமும் தெரியவில்லை, வாயசைவே இல்லை. எந்தக் குரலை வைத்தாலும் பொருந்தும்.

"அலறல் சரியா வரல. இன்னொண்ணு எடுத்துக்குவோம்" என்றார். மறுபடி ஓடியது. அலறினார். புகை வந்ததும் நாவலில் படகுக்காரி சொல்வதை, வாய் நிறையத் தண்ணீர் இருப்பவளைப்போல நிதானமாகச் சொன்னார்:

"இந்தப் படகை என் கையால செஞ்சேன். என் கையாலயே ஒடைக்கிறேன். நீந்தத் தெரிஞ்சவன் வா."

"அழிச்சிடுங்க" என்றான் தம்பி.

"தனியா வெச்சிருக்கேன். டைரக்டர் கேட்டுச் சொல்லட்டும்" என்றார் ஒலிப்பதிவாளர்.

பத்து நாள் கழித்துத் தம்பி அக்கா வீட்டுக்கே வந்தான். அவர் சமையலறைத் தொட்டியருகே உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"டைரக்டருக்கு உன் வசனம் ரொம்பப் பிடிச்சுப் போச்சுக்கா."

அக்கா தண்ணீரைத் துப்பினார். "வெச்சுட்டாரா?"

"முதல் ரெண்டு வரியைத் தூக்கிட்டார். 'நீந்தத் தெரிஞ்சவன் வா' மட்டும். டிரெய்லரே அதுலதான் முடியுது."

"யார் குரல்ல?"

தம்பி வாசலோரச் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தான். "ஹீரோதான் சொல்றாரு."

படகு போயிற்று, கோடாலி போயிற்று, இப்போது வாயும் போயிற்று. அக்கா தம்ளரைக் கழுவத் தொடங்கியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவன் தொடர்ந்தான்:

"இன்னும் ஒரே ஒரு சின்ன வேலை. அவர் அதைச் சொன்னதும் படகுக்காரி தண்ணிக்கு மேல தலையைத் தூக்கி, 'சபாஷ் ராஜா!'ன்னு சொல்லிட்டு முங்கிடறா. நீ வந்து அதைப் பேசிக் குடுத்தா முடிஞ்சுது."

"மூழ்கிட்டிருக்கிறவ சபாஷ் சொல்லுவாளாடா?"

"சினிமாக்கா."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவனைப் பாத்திருக்கேன். மறைச்சுட்டு அந்தப் பூசணிக்காயையே கை தட்டச் சொல்றவனை இப்பத்தான் பாக்கறேன்."

"ஒரு வரிக்கு இவ்வளவு ஆட்டமா? புத்தகம் எழுதினவரே சும்மா இருக்காரு."

"அவர் கதையை வித்துட்டாரு, சும்மா இருக்காரு. குரல் என்னோடது. நான் சும்மா இருக்கமாட்டேன். கதவு திறந்துதான் இருக்கு, கிளம்பு."

அவன் கிளம்பினான். படியிறங்கும்போது, "உன்னை இனிமே எவன் கூப்பிடறான்னு பாக்கறேன்" என்று அவன் சொன்னது பக்கத்து வீடுவரை கேட்டது.

அன்று மாலையே அக்கா படக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்: இந்தப் படத்தில் தன் குரல் ஒரு துண்டில்கூட இருக்கக் கூடாது, இருந்தால் டப்பிங் கலைஞர்கள் சங்கத்தில் புகார்.

இயக்குநர் போனில் வந்தார். "மேடம், நீங்க இல்லன்னா எனக்கு வேற ஆளே கிடைக்காதுன்னு நினைக்கிறீங்களா?"

"நல்லா கிடைப்பாங்க சார். புத்தகத்தை மட்டும் அவங்க கண்ணுல காட்டிடாதீங்க."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வேறொரு குரல் கலைஞர் வருகிறார். சபாஷோடு சேர்த்துப் பதினைந்து துண்டுகள், அரை நாள் வேலை.