உடைய மறுத்த குழாயும் என் மருமகளும்

என் மருமகள் குழாய் கம்பெனியில் கலவைக்காரி. பிளாஸ்டிக் மணிகளோடு சுண்ணாம்புக்கல் தூளையும் கண்ணாடி இழையையும் கலந்து கொடுப்பது அவள் வேலை. அதை மெஷின் உருக்கிக் குழாயாகத் தள்ளும். தூள் சேர்த்தால் குழாய் வளையாமல் விறைப்பாக நிற்கும். இழை சேர்த்தால் உள்ளே எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். அளவு தப்பினால் இரண்டும் சேர்ந்து காலை வாரிவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். பதினொரு வருஷமாகச் சாப்பிடும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் கேட்கிறேன்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது புருவம், இமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். தெருவில் அவளுக்கு 'மாவு' என்றே பெயர். அந்தக் கண்ணாடி இழை கண்ணுக்குத் தெரியாது, பட்ட இடம் மட்டும் அரித்துப் பிடுங்கும். அதனால் பஸ்ஸில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் அவளுக்கு ஒரு சீட் முழுசாகக் கிடைத்துவிடும். கல்யாணமான புதிதில் என் மகன் ஆசையாகத் தோளில் கை போட்டுவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினோம்.

போன வருஷம் முதலாளி அந்தக் கலவை அறையை மூடிவிடலாம் என்று கிளம்பினார். வெளியில் ரெடியாகக் கலந்த மணி கிடைக்கிறதாம். "தண்ணி இலாகா டெஸ்ட்ல உன் குழாய் பாஸானா அறை இருக்கும். இல்லன்னா அறையும் இல்ல, நீயும் இல்ல" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அவள் விடுவாளா? தூளை இரண்டு முறை சலித்து, ஈரம் போகக் காயவைத்து, இழையை எடைபோட்டு, பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல ஒரு குழாய் செய்து வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். குழாயின் இரண்டு முனையையும் அடைத்து, உள்ளே தண்ணீரை ஏற்றிக்கொண்டே போவார்கள். மெஷின் முள் நாற்பதைத் தாண்டின பிறகு உடைந்தால் பாஸ், அதற்கு முன்னால் உடைந்தால் ஃபெயில். முள் நாற்பதைத் தாண்டியது, எழுபதைத் தாண்டியது, நூறில் போய் நின்றது. நூறுக்கு மேல் அந்த மெஷினில் எண் கிடையாது. குழாய் அசையவில்லை. மெஷினின் ரப்பர் குழாய்தான் வாயைப் பிளந்து இன்ஸ்பெக்டரைத் தலைமுழுக வைத்தது.

மேனேஜர் கைதட்டினார். இன்ஸ்பெக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபாரத்தைக் காட்டினார்.

"எத்தனையில உடைஞ்சுதுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் என்ன எழுதறது?"

"உடையலன்னு எழுதுங்க சார்."

"அது நம்பர் எழுதற கட்டம்."

"அப்ப நூறுன்னு போடுங்க."

"நூறுல எங்க உடைஞ்சுது? பொய் எழுதச் சொல்றீங்களா?"

என் மருமகளுக்குப் பொறுக்கவில்லை. "நல்லா இருக்கறதாலதான சார் உடையல?"

"நல்லா இருக்குங்கறதுக்குக் கட்டம் இல்லம்மா. நாளைக்கு வரேன். உடையற மாதிரி ஒண்ணு செஞ்சு வைங்க."

"கெடுத்துச் செய்ய எனக்குக் கை வராது" என்று இவள் ஒரே பிடியாக நின்றாள். மறுநாள் மேனேஜரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு கலந்தார். தூளைக் காயவைக்கவில்லை. குழாய் முழுக்கக் கொப்புளம். பன்னிரண்டிலேயே 'பொத்'தென்று போய்விட்டது. "இது ஃபெயில். நாளைக்குக் கடைசித் தடவை" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் குளிக்கக்கூடச் செய்யாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மோசமா ஒண்ணு செஞ்சு குடுத்துட்டுப் போயேன்டி. வேலையாவது மிஞ்சும்" என்றேன்.

"நீங்க வேணும்னே உப்பு கம்மியா சமைப்பீங்களா அத்தை?"

"ஏன் மாட்டேன்? வேண்டாதவங்க வந்தா சமைப்பேன். உன் பெரியப்பா வந்தப்ப சமைக்கலையா?"

"அடிப்பாவி அத்தை! அவரு நல்லா இருக்குன்னு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டாரே?"

"அதான் சொல்றேன். துப்பவும் கூடாது, மறுநாள் தங்கவும் கூடாது. அந்த அளவுக்குத்தான் குறைப்பேன்."

சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனாள். விடிந்ததும் ஓடினாள். இழையைப் பாதியாக்கி, தூளை இரண்டு பிடி கூட்டி, மெஷினில் ஒரு துண்டு ஓட்டிப் பார்த்து, மறுபடி அரைப் பிடி குறைத்து, சாப்பிடாமல் நின்று ஒன்று செய்தாள். அது நாற்பத்து மூன்றில் உடைந்தது. இன்ஸ்பெக்டர் அந்தக் கட்டத்தில் எண்ணை எழுதி, இரண்டு முறை கோடும் போட்டாராம். "அருமையான குழாய்" என்று வேறு சொன்னாராம்.

அறை தப்பியது. உடைந்த குழாயை முதலாளி தன் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குக் காட்டுகிறார். மண்ணுக்கடியில் போவதெல்லாம் இவள் செய்யும் உடையாத குழாய்தான். மாசத்துக்கு ஒன்று மட்டும் இன்ஸ்பெக்டருக்காகத் தனியாகச் செய்கிறாள். நல்லதுக்கு அரை நாள் போதும், இதற்கு மூன்று நாள் ஆகிறது. அதற்காகச் சம்பளமும் கூட்டியிருக்கிறார்கள். யாருக்கும் புத்தி கிடையாது என்று நான் சொன்னால் என் மகன் என்னை அடக்குகிறான். நான் அடங்க மாட்டேன்.

ஆனாலும் அந்த டெஸ்ட் நாள் வந்தால் எனக்கும் சோறு இறங்குவதில்லை. அவள் தெருமுனையில் தலை காட்டியதும் வாசலிலிருந்தே கத்துவேன்.

"உடைஞ்சுதாடி?"

"உடைஞ்சுது அத்தை!"

போன மாசம் ஐம்பத்தொன்பது வரைக்கும் உடையவே இல்லையாம். கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.