சுருட்டு முனையில் வந்த சாமி நெருப்பு

சில வருடங்களுக்கு முன், யாங்கூனில், எங்கள் பபேடான் பேட்டை அம்மன் கோயில் தீமிதி அன்று நடந்தது இது.

ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டே ஊருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் தண்ணீருக்காக இறக்கிய குழாயில் எரிவாயு வந்து, ஓயாமல் எரிகிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். தகரக் கொட்டகைக்குள் முழங்கால் உயரத்துக்கு நீல நெருப்பு. ஒரு பக்கம் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள், மறுபக்கம் அதிலேயே டீ கொதிக்கிறது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. திரும்பி வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த வருசம் குழிக்கு அந்த நெருப்பையே கொண்டாரேன்" என்று கோயில் கமிட்டியில் சொல்லிவிட்டேன்.

அந்த முறை என் மனைவியும் தீ மிதிப்பதாக இருந்தாள். மகள் டைபாய்டிலிருந்து பிழைத்ததற்கான வேண்டுதல். தானாகப் பிறந்த நெருப்பு சுடாது என்று முழுசாக நம்பிவிட்டாள்.

தீமிதி அன்று விடியற்காலையிலேயே போய், த்வாண்டே மண்சட்டிக்குள் அகல் விளக்கை வைத்து, நல்லெண்ணெய் ஊற்றி, அந்த நெருப்பில் ஏற்றி, ஓட்டை போட்ட மூடியால் மூடி எடுத்து வந்தேன். பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்திருந்தேன். ஆற்றைக் கடக்க டாலா துறையில் படகு ஏறும்வரை ஒரு குறையுமில்லை.

படகில் என் பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு ஒரு பர்மியப் பெண்மணி. வாயில் பற்றவைக்காத பெரிய சுருட்டு. "தம்பி, கொஞ்சம் நெருப்பு" என்றார் பர்மிய மொழியில். "ஆன்டி, இது சாமி நெருப்பு" என்றேன். "சாமி கோவிச்சுக்காது" என்றார். மறுக்க முடியாமல் மூடியைத் திறந்தேன். அவர் குனிந்து நிதானமாகப் பற்றவைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஆற்றுக் காற்று ஒன்று அடித்தது. விளக்கு அணைந்துவிட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. யாரிடமாவது லைட்டர் வாங்கி ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்தான். ஆனால் அதில் இறங்கப்போவது என் மனைவியின் கால்.

அந்தம்மா சுருட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "உன் நெருப்பு இதோ இருக்கே, ஏன் அழுவுற?" என் பையிலிருந்த கற்பூரத்தில் வைத்து ஊதிப் பார்த்தோம். காற்றில் புகைதான் வந்தது. "நான் அணைய விடமாட்டேன், நட" என்று கரையில் இறங்கியதும் என்னோடு புறப்பட்டுவிட்டார்.

அப்படி ஓர் ஊர்வலத்தை பபேடான் பார்த்திருக்காது. முன்னால் கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்தபடி காப்புக் கட்டிய நான். பின்னால் ரயில் எஞ்சின் மாதிரி புகைவிட்டபடி அவர். பாதி வழியில் சுருட்டு கட்டையாகிவிட, இடுப்பிலிருந்து இன்னொன்றை எடுத்து அதிலேயே பற்றவைத்துக்கொண்டார். நான் பேச்சுக் கொடுத்தால் கையை மட்டும் ஆட்டினார். இழுப்பதை விடவில்லை.

கோயில் வாசலில் எங்களைக் கண்டதும் மேளம் தானாக நின்றுவிட்டது. நடந்ததைச் சொன்னேன். "எச்சிச் சுருட்ட அம்மன் குழியில வைக்கச் சொல்றியா?" என்றார் கமிட்டித் தலைவர். பூசாரி கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மாவுக்குத் தமிழ் புரியாது, ஆனால் முகங்கள் புரிந்திருக்கும். அப்போதும் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்.

மஞ்சள் புடவையில் நின்ற என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சுருட்டைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள், அதை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. பிறகு தலைவரிடம் சொன்னாள்:

"எச்சி அந்த முனையில. நெருப்பு இந்த முனையில. எறங்கப்போறது நான். வைங்க."

பூசாரி தேங்காய் நாரை நீட்டினார். அந்தம்மா கன்னம் குழிய ஓர் இழுப்பு இழுத்து, நாரில் வைத்து ஊதினார். குப்பென்று பற்றிக்கொண்டது.

சாயங்காலம் என் மனைவி அந்தத் தணலில் இறங்கி நடந்தாள். ஒரு கொப்புளம்கூட இல்லை. கருவாடு விற்கப் போகாமல் கடைசிவரை கைகூப்பி நின்று பார்த்துவிட்டுத்தான் அந்தம்மா கிளம்பினார்.

அந்த நெருப்பைக் கொண்டுவந்தவன் என்று கோயிலில் இன்றும் என்னைக் காட்டுகிறார்கள். நெருப்பைக் கொண்டுவந்தது அவர், நான் சுமந்தது கருவாட்டை மட்டும்தான் என்று சிரித்துக்கொண்டே திருத்துகிறேன். சொல்லி முடிப்பதற்குள் ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடுகிறது.