மேற்குச் சுவரைப் பார்த்து நின்ற பன்றிகள்

எங்கள் வீடு ரெட்டியார்பாளையத்தில், மாடியில் வாடகைக்கு. பண்ணை தவளக்குப்பத்தைத் தாண்டி மேற்கே உள்ளே போகவேண்டும். கணவரின் அப்பா பங்குக்கு வந்த நிலம். மூன்று பக்கம் கரும்பு, ஒரு பக்கம் ஏரிக்குப் போகும் மண்பாதை. பண்ணை தொடங்கும் முன்பு நான் ஒரு மாத்திரைக் கம்பெனியில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். கம்பெனி மூடிய பிறகுதான் இருவரும் வெண்பன்றி வளர்க்க இறங்கினோம்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பற்றிய பேச்சு பக்கத்து மாவட்டங்களிலிருந்து வரத் தொடங்கியபோது கால்நடை டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இது மனுஷங்களுக்கு வராது. ஆனா பண்ணைக்குள்ள வந்துட்டா ஒண்ணும் மிஞ்சாது. மருந்தும் கெடையாது, ஊசியும் கெடையாது. உள்ள விடாம பாத்துக்கறது ஒண்ணுதான் வைத்தியம்."

உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது எனக்குப் பழகிய வேலை. கம்பெனியில் தரையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கத்துச் செருப்பு அந்தப் பக்கம் போகாது. அதே கோட்டைப் பண்ணையைச் சுற்றிப் போட்டேன். முள்வேலிக்குப் பதில் தரையில் புதைத்த கம்பிவலை. வாசலில் இரண்டு கதவு வைத்த குளியலறை. ஒரு கதவால் நுழைந்து, உடுத்தியதையெல்லாம் கழற்றி வைத்து, தலையோடு குளித்து, மறு கதவுக்கு அப்பால் தொங்கும் பண்ணை உடையையும் ரப்பர் பூட்ஸையும் போட்டுக்கொண்டுதான் பண்ணைக்குள் வரவேண்டும். ஊருக்குள்ளிருந்து ஓட்டல் மிச்சம் ஏற்றிவந்த வண்டியை நிறுத்தினேன். மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு மட்டும். அதுவும் வெளிவாசலில் இறங்கும். லாரிக்காரர் உள்ளே கால் வைக்கக்கூடாது.

"சொந்தப் பண்ணைக்குள்ள போறதுக்கு நானே விசா வாங்கணும் போல" என்றார் கணவர். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

வேலியின் வெளிப்பக்கம், சுற்றிலும் மாலைதோறும் சுண்ணாம்புத்தூள் தூவச் சொன்னேன். கிருமிக்காக என்பதைவிட, நாய் வந்ததா, கீரி வந்ததா, ஆள் வந்ததா என்று காலையில் தெரிவதற்காக. தூவியது பண்ணையிலேயே ஓர் அறையில் தங்கி வேலை பார்த்த அக்கா. கணவரை இழந்தவர், தீவனம் வைப்பது முதல் பிரசவம் பார்ப்பது வரை எல்லாம் அவர்தான்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தடுத்துக்கொண்டே இருந்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் செருப்பைப் பார்ப்பேன். கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா சொல்தா குடும்பம், பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் வீடு. பண்டிகைக்குப் பன்றிக்கறி வறுத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். வாசலிலேயே நின்று வேண்டாம் என்றேன். அவர் போன பிறகு அவர் தொட்ட கதவுப்பிடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் வெறும் படிக்கட்டு.

ஏரிக்கு அந்தப் பக்கம் இன்னொரு பண்ணை இருந்தது. அதன் சொந்தக்காரர் கணவருக்குத் தூரத்து உறவு, மாமா என்போம். எங்கள் முதல் தாய்ப்பன்றிகளை அவரிடம்தான் குட்டிகளாக வாங்கினோம். நோய் அவருடைய பண்ணைக்குத்தான் வந்தது. ஒரு மதியம் கணவருக்குப் போன் செய்து, "எல்லாத்தையும் எடுக்க வந்துட்டாங்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் போக முடியாது. தண்ணீர்த்தொட்டியின் மேல் ஏறி நின்று பார்த்தேன். பனைமரங்களுக்குப் பின்னால் ஜேசிபியின் கை உயர்ந்து உயர்ந்து இறங்கியது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்தியவர்கள் நடமாடினார்கள். பன்றிகள் அலறுவது அவ்வளவு தூரத்துக்கும் கேட்டது. பிறகு குறைந்தது. பிறகு ஜேசிபி சத்தம் மட்டும். இறங்கி வந்தபோதுதான் கவனித்தேன், எங்கள் கொட்டகைகளிலும் ஒரு சத்தமும் இல்லை.

"நோய் வந்த எடத்துல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள எல்லாப் பன்னியையும் அழிக்கணும்னு உத்தரவு. அதுக்குள்ள இருந்திருந்தா உங்களுதும் போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா போனில்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மாமா தன் மொபெட்டில் எங்கள் வாசலுக்கு வந்தார். நான் உள்ளேயிருந்தே கையைக் காட்டினேன்.

"மாமா, அங்கியே நில்லுங்க."

"குளிச்சிட்டுதாம்மா வந்தேன்."

"தெரியும் மாமா. கொஞ்ச நாளைக்கு வேணாம்."

அவர் கோபப்படவில்லை. என்னைத் தாண்டிக் கொட்டகையைப் பார்த்தார். "அதுங்க நல்லா துன்னுதுங்களா?" என்று கேட்டார். துன்னுது என்றேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று இரவு கணவர் தானே சோற்றைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்ச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் அக்காவிடமிருந்து போன். "சீக்கிரம் வாம்மா. அதுங்க இன்னாவோ மாதிரி நிக்குதுங்க."

வந்துவிட்டது என்றே நினைத்தேன். குளித்து, தலைகூடத் துவட்டாமல் பண்ணை உடையை மாட்டினேன். கொட்டகைக்குள் போனேன். தீவன வாளி கிணுகிணுத்தாலே காது கிழியக் கத்துகிற ஜாதி அது. அன்று ஒன்றும் கத்தவில்லை. எல்லாப் பன்றிகளும் மேற்குச் சுவரைப் பார்த்து நின்றன. பெரியவை, வளரும் குட்டிகள், எல்லாமே. காதுகள் விறைத்திருந்தன. அக்கா தொட்டியில் தீவனத்தைக் கொட்டினார். ஒன்றும் திரும்பவில்லை. நான் ஒவ்வொன்றாக வெப்பமானி வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. காதில் சிவப்பு இல்லை. நான் தொடுவது தெரியாததுபோல அவை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வெயில் ஏறிய பிறகு, ஏதோ முடிந்துவிட்டதுபோல, ஒவ்வொன்றாய் வந்து தின்றன.

அந்தச் சுவருக்குப் பின்னால் வேலி, வேலிக்கு வெளியே சுண்ணாம்பு. போய்ப் பார்த்தோம். பிளந்த குளம்புத் தடம். வேலியை ஒட்டியே போய், திரும்பி, மறுபடி போய், சுண்ணாம்பு முழுக்க மண்ணோடு மிதிபட்டுக் கிடந்தது. எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தெரியவில்லை. சுண்ணாம்புக்கு அப்பால் புல். புல்லில் ஒன்றும் பதியாது.

"காட்டுப்பன்னியா இருக்கும்" என்றார் கணவர். இந்தப் பக்கத்தில் காட்டுப்பன்றி ஏது என்று அவருக்கே தெரியும்.

அக்கா தடத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "ஏரிக்கு அந்தாண்ட பொதச்சதுங்கம்மா. அங்க இடம் பத்தல போல. இங்க வந்து சுத்துதுங்க."

"சும்மா இருங்கக்கா" என்றேன். அவர் அன்று மாலை வாசலில் கற்பூரம் ஏற்றினார். நான் தடுக்கவில்லை. குளிச்சிட்டு உள்ள வாங்க என்று மட்டும் சொன்னேன்.

வேலிக்கு வெளியே இடைவெளி விட்டு இரண்டாவது வேலி போட ஆள் சொன்னோம். கிருமிநாசினி தெளித்தோம். மறுநாள் காலையும் பன்றிகள் அப்படியே நின்றன. அதற்கடுத்த நாளும். தடங்கள் அதே இடத்தில், அதே சுவருக்கு நேராக. நான் கோடு போட்டு வைத்திருந்தேன், அது கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என்னை விட்டுவிட்டு என் பன்றிகளோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ஒரு நடுப்பகல். கணவர் தீவனம் வாங்கப் போயிருந்தார். அக்கா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். காற்றே இல்லை, கரும்பில் ஒரு தோகைகூட அசையவில்லை. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. அடித்தொண்டையில், ஒரே சீராக, ம்... ம்... ம்... என்று. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடியது. பன்றி வளர்க்கிற யாருக்கும் அது தெரியும். தாய்ப்பன்றி பால் கொடுக்கக் குட்டிகளைக் கூப்பிடும் சத்தம். சத்தம் வந்த மேற்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொட்டகையே கிடையாது. சத்தம் கரும்புக்குள்ளிருந்து வந்தது.

பிரசவக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். எங்கள் தாய்ப்பன்றி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதன் குட்டிகள் மடியை விட்டுவிட்டு மேற்குச் சுவரில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றன. வாயைத் திறந்து திறந்து மூடின.

வேலியருகே போனேன். கரும்பு இரண்டாகப் பிரிந்தது. சேறு காய்ந்து வெடித்த ஒரு பெரிய முதுகு. பிறகு முகம். அது என்னைப் பார்த்து நின்றது, ஓடவில்லை. மடி பால் கட்டி வீங்கித் தொங்கியது. பின்னால் ஒரு குட்டியும் இல்லை. வலது காதில் இரட்டை வெட்டு இருந்தது. மாமா தன் பண்ணைக் குட்டிகளுக்குப் போடும் அடையாளம். எங்கள் தாய்ப்பன்றிகளின் காதிலும் அதே வெட்டு உண்டு. குட்டி வாங்கப் போனபோது இந்தப் பன்றியிடமிருந்துதான் பிரித்துக் கொடுத்தார்.

பேய் இல்லை என்று தெரிந்தால் பயம் போய்விட வேண்டும். எனக்குக் கூடியது. அதன் கண்ணோரத்தில் ஈக்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று எழுந்து கம்பிவலைக்குள் புகுந்து என் பக்கம் வந்தது.

மாமாவுக்குப் போன் செய்தேன்.

"மாமா, உங்களுது ஒண்ணு இங்க கரும்புக்குள்ள நிக்குது."

மொபெட்டை நிறுத்தும் ஓசை கேட்டது. பிறகு, "எளச்சிருக்குதா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஓடுனத பாத்தேன். குட்டிங்கள தூக்கறப்ப கதவ முட்டிக்கினு ஓடிச்சு. அவங்க பாக்கல, நான் சொல்லல. ஏரிக்கரையில தெனம் கெழங்கு வெச்சுட்டு வரேன். அதுக்கு நோயில்லம்மா. எனக்குத் தெரியும்."

"நான் டாக்டரம்மாகிட்ட சொல்லித்தான் ஆவணும் மாமா. நீங்களே சொல்லிட்டா நல்லது."

"நீயே சொல்லு. என் வாயால வராது" என்றார்.

சொன்னேன்.

மறுநாள் காலை ஏரிக்கரைக்கு நானும் போனேன். போனால் அதற்குப் பிறகு பல நாட்கள் பண்ணைக்குள் நுழைய முடியாது என்று தெரிந்துதான் போனேன். கணவர் உள்ளேயே தங்கிக்கொண்டார். ஏரிமேல் பனி இன்னும் விலகவில்லை. டாக்டரம்மாவும் உதவியாளர் ஒருவரும் வெள்ளை உடையில் வந்தார்கள். மாமாவுக்கும் கையுறையும் மேலுடையும் கொடுத்தார்கள். கையுறையை மாட்டிக்கொண்டார்; மேலுடையை வாங்கவில்லை.

"இந்த வெள்ளைய பாத்தா அது வராதும்மா" என்றார்.

டாக்டரம்மா யோசித்தார். மேலுடையை வற்புறுத்தவில்லை. உதவியாளரோடு கரைக்குப் பின்னால் இறங்கி உட்கார்ந்துகொண்டார். நான் தள்ளி, ஒரு பனைமரத்தருகே நின்றேன்.

மாமா கிழங்கைத் தரையில் பரப்பிவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் கொடுத்தார். பனிக்குள் அது வெகுதூரம் போனது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கரும்பு முறியும் ஓசை. அது வந்தது. கிழங்கை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராக அவர் காலடிக்கு வந்து, பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, மடியைக் காட்டியது. அந்தச் சத்தத்தை ஆரம்பித்தது. ம்... ம்... ம்... அவர் குந்தி உட்கார்ந்து மடியில் கையை வைத்தார். கையுறையின் மேல் பால் வழிந்தது.

டாக்டரம்மா பின்னாலிருந்து ஓசையில்லாமல் வந்து ஊசி போட்டார். சத்தம் கொஞ்சநேரம் வேகமானது, பிறகு இடைவெளி விட்டு விட்டு வந்தது. எப்போது நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நின்ற பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமாவுக்கும் கேட்டிருக்க வேண்டும்; நீண்ட நேரம் கையை எடுக்கவில்லை.

இரத்தப் பரிசோதனை முடிவை டாக்டரம்மா போனில் சொன்னார். "நோய் இல்லங்க. ஆனா விட்டிருந்தா இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு. அந்த மண்ணுலதான சுத்திச்சு."

அந்த நிமிடமே மாமாவைக் கூப்பிட்டேன். வேறு யார் சொல்லியும் அவருக்குத் தெரியக்கூடாது என்று தோன்றியது.

"மாமா, அதுக்கு நோய் இல்லியாம்."

"தெரியும்மா."

"ஆனா விட்டிருக்க முடியாது மாமா."

"அதுவும் தெரியும்" என்றார். அடுப்பில் ஏதோ கொதிக்கும் ஓசை கேட்டது. அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

கணவர் சொன்னார், அதன் பிறகும் சில காலைகள் பன்றிகள் மேற்குப் பக்கம் திரும்பி நின்றனவாம். வெளியே சுண்ணாம்பில் தடமே இல்லை. பிறகு ஒவ்வொன்றாக விட்டுவிட்டன. எங்கள் பண்ணைக்கு நோய் வரவில்லை. நான் போட்ட கோடு காத்ததா, வெறும் அதிர்ஷ்டமா என்று டாக்டரம்மாவே சொல்லவில்லை.

மாமா மறுபடி பன்றி வளர்க்கவில்லை. ஆடு வாங்கினார். கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கிய பிறகு ஒருநாள், "ஒரு தடவ பாத்துட்டுப் போறேம்மா" என்று கேட்டு வந்தார். வழக்கப்படி எல்லாம் செய்தார். தலையோடு குளித்தார், எங்கள் பண்ணை உடையை உடுத்திக்கொண்டு மறு கதவால் வந்தார். கால்சட்டை அவருக்கு நீளம். பின்னாலிருந்து பார்த்தால் யாரோ போல இருந்தார்.

காதில் இரட்டை வெட்டு இருந்தவை கம்பியருகே வந்தன. அவர் கையை நீட்டினார். ஒவ்வொன்றும் மூக்கை வைத்து முகர்ந்தது, திரும்பித் தன் மூலைக்குப் போனது. அவர் நாக்கைத் தட்டி அந்தச் சத்தத்தைக் கொடுத்தார். ஒன்றும் தலை தூக்கவில்லை.

"சோப்பு வாசன" என்று சொல்லிச் சிரித்தார். கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் அங்கேயே நின்றார்.