ஏப்ரல் ஒன்றில் பிறந்த டீச்சர்

முரோசோனோ ஹிசாயோ டீச்சருக்கு ஒரே ஒரு ஆசைதான். முப்பத்திரண்டு வருடமாக அதை யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தாள். ஆறாம் வகுப்பின் நிறைவு விழாவில், மேடைக்குக் கீழே ஒலிவாங்கியின் முன் நின்று தன் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் "உள்ளேன்!" என்று எழுந்து நின்று, மேடையேறிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போக வேண்டும். வகுப்பாசிரியருக்கு மட்டுமே உள்ள உரிமை அது.

அவளுக்கோ ஆண்டுதோறும் ஒன்றாம் வகுப்பு, இல்லாவிட்டால் இரண்டாம் வகுப்பு. "சின்னதுகளைச் சமாளிக்க உங்களை விட்டா யாரு இருக்கா டீச்சர்?" என்று தலைமையாசிரியர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். பாராட்டு மாதிரி இருக்கும் அந்தப் பேச்சுக்கு அவள் எப்படி மறுப்புச் சொல்வாள்?

போன வருடம்தான் புதிதாக வந்த தலைமையாசிரியர் ஒகிட்சு அவளுக்கு ஐந்தாம் வகுப்பைக் கொடுத்தார். "அடுத்த ஏப்ரல்ல இவங்களை அப்படியே ஆறாம் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊரை விட்டுப் போனாலும் மறக்காத மாதிரி அனுப்பி வைங்க" என்றார். அன்று மாலை மீன் சந்தையில் நின்று ஹிசாயோ தனியாகச் சிரித்துக்கொண்டாள். கணவாய் வாங்க வந்தவள் இறால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த மகிழ்ச்சிக்குப் பிப்ரவரி மாதம் வரைதான் ஆயுள்.

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, துறைமுகத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஹிராசே மயுமி மட்டும் செருப்பு அலமாரிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவள் மகள் இபுகியும் ஹிசாயோவும் பிறந்தது ஒரே தேதி, ஏப்ரல் ஒன்று. அதனாலேயே மயுமிக்கு டீச்சரிடம் கொஞ்சம் உரிமை அதிகம்.

"இன்னும் ஒரே ஒரு நாள் வயித்துக்குள்ள இருந்திருந்தா எம் பொண்ணு நாலாம் வகுப்புல ராணி மாதிரி இருந்திருப்பா டீச்சர். அவசரக்குடுக்கை! அஞ்சாம் வகுப்புல எல்லாரையும் விடச் சின்னவளா வந்து முழிக்கிறா."

"அதுக்கு என்ன பண்றது? ஏப்ரல் ரெண்டுல இருந்து அடுத்த ஏப்ரல் ஒண்ணு வரைக்கும் ஒரு செட்டு. ஒண்ணாந்தேதிப் பிள்ளைக்கு முந்தின நாளே வயசு முடிஞ்சதாக் கணக்கு. அதனால பெரியவங்களோட போயிடும்" என்றாள் ஹிசாயோ. பள்ளியில் சேர்க்க வரும் தாய்மார்களுக்கு வருடா வருடம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறிப்போன பாடம்.

"தெரியுமே! நீங்களும் அப்படித்தானே? என் நாத்தனார் உங்க செட்டு, பக்கத்து ஊர்ல டீச்சரா இருக்கா. அம்பத்தஞ்சு வயசுக்கு உரிமம் புதுப்பிக்கிற படிப்பாமே, போன கோடையில வேர்த்து விறுவிறுத்து நகரத்துக்கு அலைஞ்சா. 'உங்க டீச்சரை அங்க பார்க்கவே இல்லையே'ன்னு கேட்டா. நீங்க முன்னாடியே முடிச்சிட்டீங்களா?"

"எனக்கு அடுத்த வருஷம் மயுமி. நான் ஏப்ரல்லதானே அம்பத்தஞ்சு..."

பாதியிலேயே நின்றுவிட்டது பேச்சு. கையில் வைத்திருந்த விருந்தினர் செருப்பு ஜோடியை அவள் மெதுவாக அலமாரியில் வைத்தாள். ஒன்று கவிழ்ந்து விழுந்தது. அதை எடுத்து மறுபடியும் வைத்தாள்.

ஆசிரியர்கள் பத்து வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற சட்டம் அமலில் இருந்த காலம் அது. முப்பத்தைந்து, நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்து வயது முடிகிற கல்வியாண்டுக்குள் ஆசிரியர்கள் பல்கலைக்கழகத்தில் முப்பது மணி நேரம் படித்துத் தேர்வெழுத வேண்டும். ஜனவரி முடிவதற்குள் விண்ணப்பம் போக வேண்டும். போகாவிட்டால் மார்ச் கடைசி நாளோடு உரிமம் செத்துவிடும். உரிமம் போனால் வேலையும் போய்விடும். ஏப்ரல் ஒன்றில் பிறந்தவளுக்கு வயது முடிவது மார்ச் முப்பத்தொன்றில், அதாவது இந்தக் கல்வியாண்டிலேயே. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சரியாகச் சொன்ன கணக்கைத் தன் விஷயத்தில் மட்டும் அவள் போட்டுப் பார்க்கவே இல்லை! ஐயோ, என்ன கொடுமை இது!

"டீச்சர், முகமெல்லாம் வெளுத்துப்போச்சே?" என்றாள் மயுமி.

"ஒண்ணுமில்ல. இபுகியோட மஃப்ளரை மறந்துட்டீங்க, எடுத்துட்டுப் போங்க."

தலைமையாசிரியர் அறையில் குளிருக்கு மூட்டிய அடுப்பின் மேல் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஒகிட்சு கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பேசினார், கெஞ்சினார், ரிசீவரைக் கையில் பிடித்தபடியே தலை குனிந்து வணங்கினார். பிறகு வைத்துவிட்டார்.

"முடியாதாம். ஜனவரியோட கதவு சாத்தியாச்சாம்" என்றார். "போன வருஷமே கேட்டேனே டீச்சர், உங்களுக்கு எப்போன்னு?"

"கேட்டீங்க சார். அடுத்த வருஷம்னு சொன்னேன்."

"நீங்க சொன்ன பிறகு நான் எதுக்குச் சரிபார்க்கப் போறேன்? இந்தப் பள்ளிக்கூடத்துலயே தேதி தப்பாத ஒரே ஆள் நீங்கதானே!"

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹிசாயோ கெண்டியின் மூக்கிலிருந்து வரும் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வர வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது மாதிரி, "இனி ஆறாம் வகுப்பு இல்லை" என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எதுவும் உறைக்கவில்லை. "கெண்டியில தண்ணி வத்துது சார்" என்று மட்டும் சொன்னாள்.

ஆசிரியர் அறையில் விஷயம் பரவியது. இருபத்தேழு வயது தடோகோரோ டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்களுக்கெல்லாம் உரிமத்துலயே காலாவதித் தேதி அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க டீச்சர், பால் பாக்கெட் மாதிரி. உங்க காலத்து உரிமத்துல அது இல்ல. நீங்க கெடவே மாட்டீங்கன்னு நெனச்சிட்டாங்க போல." சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹிசாயோ சிரித்தாள். நிஜமாகவே நல்ல வேடிக்கை என்று தோன்றியது. சிரிப்பு வெளியே கேட்டது, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

வீட்டில் கணவர் கியோஹிகோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் ஊறுகாய் முள்ளங்கியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏப்ரல்ல இருந்து அலாரம் வைக்க வேணாமா?"

"வைங்க. பழகிப்போச்சு."

ஏப்ரல் ஒன்றாம் தேதி அவளுடைய பிறந்தநாள். அன்று காலையில் அவள் டீச்சர் இல்லை. ஒகிட்சு ஓடியாடி, பள்ளிப் புத்தக அறையில் உதவியாள் வேலை ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். புத்தகங்களுக்கு உறை போடலாம், ஜன்னல் துடைக்கலாம். வகுப்பெடுக்கக் கூடாது. ஆறாம் வகுப்பு தடோகோரோவுக்குப் போயிற்று.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே புரியும்? "டீச்சர்! டீச்சர்!" என்று புத்தக அறைக்கு ஓடி வந்தார்கள். இன்னும் அவளை டீச்சர் என்று கூப்பிடலாமா என்று பெற்றோர் யாரோ கேள்வி கேட்டதால், தலைமையாசிரியர் தரையைப் பார்த்தபடியே வகுப்பில் வந்து சொன்னார்: "இனிமே டீச்சர்னு இல்ல, மத்தவங்களைக் கூப்பிடற மாதிரி முரோசோனோ-சான்னு கூப்பிடணும்."

அன்று மதியம் இபுகி வந்து நின்றாள். "முரோ... சோ... டீச்சர், எப்படிக் கூப்பிட்டாலும் வாய்க்குள்ள நுழையல. நீங்க என்ன தப்பு பண்ணினீங்க?"

"நம்ம பிறந்தநாளைத் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்."

"அய்யய்யோ! அப்ப நானும் போயிடுவேனா?"

"நீ போக மாட்டே. மார்ச் வரைக்கும் இங்கதான்."

கோடையில் ஹிசாயோ நகரத்துக்குப் படகேறினாள். பல்கலைக்கழக அரங்கில் இருநூறு ஆசிரியர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "இன்றைய குழந்தையைப் புரிந்துகொள்வது" என்பது முதல் பாடம். பேராசிரியர் குழுவாகப் பேசச் சொன்னார். பக்கத்தில் இருந்த பருமனான உடற்பயிற்சி ஆசிரியர், "நீங்க எந்தப் பள்ளி அக்கா?" என்று கேட்டார்.

"இப்ப எதுவும் இல்ல."

"கொடுத்து வெச்சவங்க! வேலையே இல்லாம உரிமத்தைப் புதுப்பிக்க வந்த முதல் ஆளு நீங்கதான்" என்று அவர் சிரித்தார். மனதில் கள்ளமில்லாத மனிதர். மதியம் தன் சோற்றுருண்டையில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். தன் கோபத்தையோ வருத்தத்தையோ எடுத்துக் காட்டலாம் என்று ஹிசாயோ தேடிப் பார்த்தாள். கையில் அகப்பட்டது பசி மட்டும்தான். சோற்றுருண்டையைத் தின்றாள்.

எல்லாத் தேர்வுகளிலும் முதல் தரத்தில் தேறினாள். இலையுதிர் காலத்தில் புது உரிமம் வந்தது. ஆனால் பறிபோன நிரந்தர வேலை அதோடு திரும்பி வரவில்லை. ஆறாம் வகுப்புக்கு ஆசிரியை இருக்கிறாள், ஆண்டு நடுவில் மாற்றுவதற்குக் காரணமும் இல்லை. டிசம்பரில் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மலைப்பக்கத்து ஊரில் பிரசவ விடுப்பில் போகும் ஓர் ஆசிரியைக்குப் பதிலாக ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டாம் வகுப்பு. மறுத்தால் அடுத்த அழைப்பு எப்போது வருமோ! மார்ச்சில் நடக்கும் நிறைவு விழாவன்று அவள் மலைமேல் இருப்பாள். "வர்றேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டாம் பருவத்தின் கடைசி நாள். பிள்ளைகள் போன பிறகு தடோகோரோ புத்தக அறைக்கு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"டீச்சர், நிறைவு விழாவுல பேர் கூப்பிட நீங்களே நில்லுங்களேன். அதுங்க உங்க பிள்ளைங்கதானே. மார்ச்ல எனக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டுடறேன். தலைமையாசிரியரும் கண்டுக்க மாட்டார். உங்களைக் கூப்பிட்டுக்குவார்."

"மலைமேல இருக்கிற பிள்ளைகளை யார்கிட்ட விடறது?"

"ஒரே ஒரு நாள்தானே!"

"ஒரு நாள்ல என்னென்ன போகும்னு என்கிட்டயா சொல்றே?" என்றாள் ஹிசாயோ. கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "இந்த வருஷம் அதுங்களோட சண்டை போட்டது நீ. கணக்கு சொல்லிக் குடுத்தது நீ. உன் குரல்ல கேட்டாத்தான் அதுங்க எந்திரிக்கும்."

தடோகோரோ மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எப்படிக் கூப்பிடணும்னு காட்டுங்க. எனக்கு ஒலிவாங்கி முன்னாடி நின்னாலே பேரெல்லாம் குழறுது."

இருவரும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனார்கள். அடுப்புப் பற்றவைக்காத கூடம், மூச்சு வெண்மையாக வந்தது. மடித்து அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றைப் பிரித்து நடுவில் போட்டு, தடோகோரோ பிள்ளை மாதிரி முழங்கால்மேல் கை வைத்து உட்கார்ந்தாள். ஹிசாயோ மேடைக்குக் கீழே போய் நின்றாள். கையில் தாள் எதுவும் இல்லை.

"அகியாமா தைகா."

"உள்ளேன்!" என்று தடோகோரோ எழுந்தாள், உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு பெயரையும் அழைத்துவிட்டு, அந்தப் பிள்ளை நடந்து மேடையேறும் அளவு நேரம் ஹிசாயோ நிறுத்தினாள். "இங்கதான் நீ அவசரப்படுவே. பிள்ளை படியேறட்டும், அப்புறம் அடுத்த பேரு" என்று நடுநடுவே சொன்னாள். "ஹிராசே இபுகி" என்று அழைத்தபோது தடோகோரோவிடமிருந்து பதில் வரவில்லை. அவள் குனிந்து அழுதுகொண்டிருந்தாள்.

"உள்ளேன் சொல்லு."

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா டீச்சர்?"

ஹிசாயோ யோசித்துப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருட ஆசை. கூடம் காலி, குளிர், காலுக்குக் கீழே பலகை. பெயர்கள் வாயிலிருந்து சரியாக வெளிவருகின்றன. தொண்டை மட்டும் கொஞ்சம் காய்ந்திருக்கிறது.

"தோணல" என்றாள். "உள்ளேன் சொல்லு. அதுக்கப்புறமும் பேருங்க இருக்கு."

"உள்ளேன்" என்றாள் தடோகோரோ, மூக்கை உறிஞ்சியபடி.

ஹிசாயோ மிச்சப் பெயர்களையும் ஒன்றுவிடாமல் அழைத்தாள். கடைசிப் பெயர் வகுயி ரெஞ்சி. தடோகோரோ எழுந்து கிளம்பத் தயாரானாள்.

"இரு. முடிஞ்சதுன்னு சொல்லணும்."

ஹிசாயோ காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, "இத்துடன் இருபத்து மூன்று பேர்" என்று காலி மேடையைப் பார்த்துச் சொல்லி, இடுப்பு வளைய வணங்கினாள். பிறகு நாற்காலியை மடித்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கூடத்தின் சாவியைத் தடோகோரோவின் கையில் கொடுத்தாள்.